கூழுக்கு இங்கிலீஷில் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை காலை கனடாவிலிருந்து துளசி போன் எடுத்தாள். என் அண்ணரின் மகள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"சித்தப்பா, அப்பாக்கு ஒரு இங்கிலீஷ் சொல் திரும்ப ஞாபகம் வந்திருக்கு!"

"என்ன சொல்?"

"கூல்! நாள் முழுக்க கூல், கூல் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறாராம்."

நான் சிரித்துவிட்டேன். எண்பதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடப் பெடியன்கள் மாதிரி கூல் என்கிறார் என்றால் சிரிப்பு வராதா?

அண்ணரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்து, குருநாகலில் கடை போட்டு, சிங்களத்தில் பேரம் பேசிப் பிழைத்தவர். கலவரத்தில் கடை எரிந்த பிறகு கனடா போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் நின்று இங்கிலீஷும் பழகினார். இப்போது மறதி நோய். அதற்கென்று உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். கடைசியாக வந்த இங்கிலீஷ் முதலில் போனது. பிறகு சிங்களம். தமிழிலும் அள்ளிக் கொட்டினால் ஒரு கைப்பிடி சொற்கள்தான் மிச்சம்.

அப்படிப்பட்டவரிடம் ஓர் இங்கிலீஷ் சொல் திரும்பி வந்தால் மகளுக்குச் சந்தோஷம் வராமல் இருக்குமா?

ஒரு நேர்ஸ், குளிருகிறது என்கிறார் போல என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாராம். இன்னொருவர், சுகமாக இருக்கிறேன் என்கிறார் போல என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினாராம். அண்ணர் போர்வையைத் தள்ளி எறிந்துவிட்டு, இன்னும் பலமாகச் சொன்னாராம்… கூல்!

பிறகுதான் துளசியின் குரல் இறங்கியது.

"ஒண்டும் சாப்பிடுறாரில்லை, சித்தப்பா. வாயை இறுக்கி மூடிக்கொள்ளுறார். இப்படியே போனா வயித்துக்குள்ளால டியூப் போடவேணுமாம். போடுறதோ விடுறதோ எண்டு நான்தான் முடிவு சொல்லவேணும். நான் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"பிள்ளை, அப்பா சொல்லேக்கை கடைசி எழுத்து என்ன? லவோ, ழவோ?"

"ரெண்டும் ஒண்டுதானே, சித்தப்பா?"

இல்லை. மொழியையே தொலைத்த நிலையிலும் அண்ணர் ழகரத்தைத் தொலைக்கவில்லை. கேட்ட காதுகள்தான் லகரக் காதுகள். அந்த மனிதர் கேட்டது கூழ்!

ஊருக்குப் புதியவர்கள் கம்பங்கூழ், கேழ்வரகுக்கூழ் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தீவுகளில் கூழ் என்றால் ஒடியற்கூழ். காய்ந்த பனங்கிழங்கை இடித்த மாவு, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், புளி எல்லாம் ஒரே பானையில். குடிக்கும்போது உறைப்பில் மூக்கால் ஓடவேண்டும்.

"அது கூழடி பிள்ளை! பசிக்குது எண்டு சொல்லுறார்!"

"அப்ப நேர்ஸுக்கு நான் என்னெண்டு சொல்ல? கூழுக்கு இங்கிலீஷில என்ன?"

வேலணையில் ஆயுள் முழுக்க இங்கிலீஷ் படிப்பித்தவன் நான். அகராதியை எடுக்க எழும்பினேன். அதற்குள் அவளே போனில் தேடிவிட்டாள்.

"பொரிட்ஜ் எண்டு கிடக்கு, சித்தப்பா."

மறுநாள் காலை பொரிட்ஜ் வந்தது. பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சிய ஓட்ஸ். கறுவாப்பட்டைத் தூள் வேறு தூவியிருந்ததாம். அண்ணர் ஒரு கரண்டி வாங்கித் துப்பிவிட்டார்.

ஆற்றாமையோடு அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். தேடாமலே விட்டிருக்கலாம்!

பொரிட்ஜ் என்பது பொட்டேஜ் என்ற பழைய சொல் திரிந்து வந்ததாம். பானையில் வேகுவது என்று பொருள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இறைச்சி, மரக்கறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மாவோ தானியமோ விட்டுத் தடிப்பாக்கினால் அதுதான் பொரிட்ஜ். கிட்டத்தட்ட எங்கள் கூழேதான்! பிறகு இறைச்சி போனது, மரக்கறி போனது, ஓட்ஸும் பாலும் வந்து குந்திக்கொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் அண்ணர் கேட்டிருந்தால், ஏறக்குறையச் சரியான சாப்பாடே கிடைத்திருக்கும்.

அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் பொரிட்ஜ் என்றால் சிறைவாசம். அண்ணர் இருக்கும் மாடிக் கதவை இரகசிய இலக்கம் அமுக்கித்தான் திறக்கவேண்டும். அவருக்கு அந்த இலக்கம் தெரியாது… இதைத் துளசிக்கு நான் சொல்லவில்லை.

அவள் விடவில்லை. தமிழ்க் கடையில் ஒடியல்மா வாங்கினாள். என்னைப் போனில் வைத்துக்கொண்டே மாவை ஊறவைத்து, அதன் கயர்ப்பை, அந்தத் துவர்ப்பை, எடுத்தாள். முள், ஓடு எதுவும் இருக்கக்கூடாது என்பது நேர்ஸின் கட்டளை. எல்லாவற்றையும் வடித்து, மசித்து, மூடி போட்ட ஒரு கோப்பையில் கொண்டுபோனாள். வீடியோவில் நானும் கூடவே போனேன்.

மூடியைத் திறந்ததும் அண்ணர் நிமிர்ந்தார். இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். முகத்தில் பழைய அண்ணர் வந்தார்!

"குடியுங்கோ, அப்பா."

குடிக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். தெளிவாகக் கேட்டார்.

"மற்ற ஆக்கள் எங்கை?"

கூழை ஒருவருக்கென்று யாரும் காய்ச்சுவதில்லை. ஆட்கள் கூடினால்தான் பானை ஏறும். எல்லாரும் வந்து குந்தாமல் முதல் வாய் குடிப்பதும் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இவ்வளவையும் மறந்த மனிதர், இதை மறக்கவில்லை.

"வருவினம், அண்ணை. நீங்கள் குடியுங்கோ" என்றேன்.

"வரட்டும்."

யார் வர? பாதிப்பேர் செத்துப்போனார்கள். மீதிப்பேர் ஆளுக்கொரு நாட்டில். பனங்கிழங்கு விளைகிற இந்த மண்ணில் இருக்கும் நானே கூழ் குடித்து எத்தனையோ காலம். ஒழுங்கை முழுக்கப் பூட்டின கேற்றுகள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். அவளுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது.

துளசி அழுதாள். அண்ணர் சாப்பாட்டை மறுக்கவில்லை, ஆட்களுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார். டியூப் போடவா வேண்டாமா என்று கேட்கிற டொக்டருக்கு இதை எந்த இங்கிலீஷில் சொல்வது?

நெடுநேரம் கழித்து நேர்ஸ் வந்தார். குனிந்து கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"கூல்" என்றார்.

ஆறிப்போய்விட்டதாம். இந்த முறை அந்தச் சொல்லில் ஒரு பிழையும் இல்லை.