தோளில் மிஞ்சிய கை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் முன்னரே. இருவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து எழுப்பியது ஊரில் நடந்த போர்தான். கனடாவில், மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் என்னை வளர்த்தார்கள். அப்பாவுக்கு சென்ட் லோரன்ட்டில் மருந்துக் களஞ்சியத்தில் வேலை. அம்மா தையல் தொழிற்சாலைக்குப் போனார்.

முழு உதவித்தொகை தந்து என்னை எடுத்தது அமெரிக்காவின் தெற்கிலுள்ள ஒரு கறுப்பினத்தவர் பல்கலைக்கழகம். அப்பா சொந்தக்காரரிடம், "பிள்ளை அமெரிக்காவிலை படிக்குது" என்று மட்டும் சொல்வார். எங்கே என்று யாராவது கிண்டினால், "பெரிய கம்பஸ்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். பெரிய கம்பஸ்தான். அதில் பொய்யில்லை.

அந்த இடத்தைக் கட்டியவர்கள் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள். அதற்குச் சில காலம் முன்புவரை அவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதே அந்தப் பக்கத்தில் குற்றம். முதல் வகுப்பு ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்தது. பிறகு மாணவர்களே களிமண் எடுத்து, செங்கல் சுட்டு, முதல் கட்டடத்தை எழுப்பினார்கள். பகலில் செங்கல், மாலையில் பாடம். அந்தச் சுவரில் சில கற்களில் இன்றைக்கும் விரல் பதிந்த குழிகள் இருக்கின்றன, ஈரமாக இருந்தபோது தூக்கியவர்களின் விரல்கள். முதல் வாரமே என் அறைத்தோழி என்னைக் கூட்டிப்போய் அந்தக் குழிகளில் விரலை வைக்கச் சொன்னாள்.

"என் பாட்டனின் அப்பாவும் இங்கே கல் சுமந்தார். எது அவர் விரல் என்று தெரியாது. அதனால் நாங்கள் எல்லாவற்றையும் தொடுவோம்."

அவள் வீட்டில் அங்கே படிக்க வந்த நாலாவது தலைமுறை அவள். நான் என் வீட்டில் முதலாவது. "உனக்குப் பரவாயில்லை, கனடாக்காரி. நீ சறுக்கினால் உன்னோடு போய்விடும். நான் சறுக்கினால் என் அம்மாவோடு சேர்ந்து இரண்டு கல்லறையும் எழுந்து வந்து திட்டும்" என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிய மாணவர்கள் வரும் நாளில் குடும்பங்கள் பிள்ளைகளோடு பெரிய இரும்பு வாசல்வரை நடந்து வரும். பிள்ளைகள் உள்ளே போனதும் வாசலைப் பூட்டிவிடுவார்கள். பெற்றோர் வெளியே நிற்பார்கள். அதன் பிறகு பட்டம் பெறும் நாள்வரை ஒருவரும் அந்த வாசலால் வெளியே போவதில்லை, பக்கத்து ஒழுங்கையால்தான் போக்குவரத்து. பட்டம் பெற்ற அன்று வாசல் திறக்கும். உன்னைக் கொண்டுவந்து விட்டவர் வெளியே நின்று உன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என்னைக் கொண்டுவந்து விட ஆளில்லை. அப்பா கனடாக் குடியுரிமைச் சோதனையில் தவறியவர், அம்மா அதற்குப் போகவே பயந்தவர். கனடாக் கடவுச்சீட்டு இல்லாத இருவருக்கும் அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. நான் பெட்டியோடு தனியே நின்றபோது, அறைத்தோழியின் அம்மா வந்து என் தோளில் கை வைத்தார். தன் மகளை ஒரு பக்கமும் என்னை மறுபக்கமும் விட்டுக்கொண்டு நடந்தார்.

"தலையை நிமிர்த்து, பேபி. இங்கே குனிந்துகொண்டு யாரும் உள்ளே போவதில்லை."

அந்தக் கையில் நீலக்கல் மோதிரம் இருந்தது. அங்கே பட்டம் முடிப்பவர்கள் அணியும் மோதிரம், அவரும் அங்கே படித்தவர். மூட்டுகள் கொஞ்சம் வீங்கியிருந்தன, பிறகு அது கழற்ற முடியாமலே போய்விட்டது.

வாத்தியக் குழு பயிற்சி எடுக்கும்போது எங்கள் விடுதி ஜன்னல்கள் அதிரும். வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீனுக்கு வரிசையில் நிற்போம். ஞாயிறுகளில் விடுதி நடையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை பின்னுவோம். அம்மா தந்துவிட்ட தேங்காய் எண்ணெய் என் தலையைவிட மற்றவர்களின் தலைகளில்தான் அதிகம் போனது. நான் கறுப்பு என்பதைச் சின்ன வயதிலிருந்து சொந்தக்காரர் எனக்கு நினைவுபடுத்தத் தவறியதில்லை. அங்கேதான் அது ஒரு குறையாக இல்லாமல் போனது.

பட்டம் பெற்ற அன்று வாசல் திறந்தபோது தோழியின் அம்மா வெளியே நின்றார். நாங்கள் மூவரும் அந்த வாசலில் எடுத்த படத்தில் அவர் நடுவில் நிற்கிறார், கை என் தோளில். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா தொலைபேசியில் அழுதார். "முன் கோல் சுவரிலை பெரிசா மாட்டியிருக்கிறம் பிள்ளை" என்றார். அதை நான் தோழியிடமும் அவள் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அம்மா சிரித்தார். "அப்போ எனக்கு மொன்ட்ரியாலிலும் ஒரு சுவர் இருக்கிறது."

நான் அங்கேயே ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்கு நின்றுவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் தோழியின் அம்மா இறந்துபோனார். நோய் தெரிந்த பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

வசந்தத்தில், வீட்டுக்குப் போகிறேன், நீயும் வா என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அம்மாவின் படம் இன்னும் சுவரில் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன்.

அம்மா இடியப்பமும் கோழிக்கறியும் வைத்துக் காத்திருந்தார். "வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்று அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். அப்பா அவளுடைய பெட்டியை மூன்று மாடியும் தூக்கி வந்தார். அவர்கள் அன்பில் குறையொன்றும் நான் காணவில்லை. அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே வரவேற்பறைக்குள் போனாள்.

சுவரில் இருந்த படத்தில் நான் மட்டும் நின்றேன். பின்னால் வாசல் இல்லை, புத்தக அலுமாரி இருந்தது. என் முகம் கோதுமை மாவு நிறத்தில் இருந்தது. எங்கள் தெரு ஸ்டூடியோவில் கல்யாணப் பேச்சுக்கென்று படம் திருத்துகிற விதம் எனக்குத் தெரியும். தோழியும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. என் தோளில் மட்டும் ஒரு கை இருந்தது. அதையும் வெளுப்பாக்கியிருந்தார்கள். நீலக்கல் மோதிரம் அப்படியே இருந்தது.

தோழி கிட்டப் போய் நின்றாள். கண்ணாடியில் அந்தக் கையின் மேல் விரலை வைத்தாள், செங்கல்லில் வைக்கிறதுபோல.

"என்னம்மா இது?" என்றேன்.

"சம்பந்தம் பேச வாற சனம் பாக்குமெல்லே. படத்திலை நிக்கிற உவை ஆர், எந்தக் கம்பஸ் எண்டு கேட்டா அப்பா என்ன சொல்லுறது? எல்லாரும் உப்பிடித்தான் செய்யிறவை."

"அப்ப கையை ஏன் விட்டனீங்கள்?"

"எடுத்தா தோள் பழுதாப்போம் எண்டு ஸ்டூடியோத் தம்பி சொன்னவர்." அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குரல் இறங்கியது. "நானும் சரி எண்டிட்டன். என்னைத்தான் அங்கை வர விடேல்லையே. பாக்கிற ஆக்கள் அது என்ர கை எண்டு நினைக்கட்டும் எண்டுதான்."

"உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று தோழி கேட்டாள்.

நான் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் படத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நல்ல கைதான்" என்றாள். "ஆனால் அது என் அம்மாவுடையது."

அவள் இடியப்பம் சாப்பிட்டாள். அம்மாவிடம் நன்றாக இருக்கிறது என்றாள். ஒரு வாரம் நிற்பதாக வந்தவள் மறுநாள் காலையே பஸ்ஸுக்கு இடம் பதிந்துவிட்டாள். பஸ் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"உன் அம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. அவர் ஏன் செய்தார் என்று விளங்குகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் என்னால் இன்னொரு தடவை வர முடியாது."

அன்றைக்கே அசல் படத்தை வேறு கடையில் பெரிதாக்கி எடுத்துவந்து, பழையதை இறக்கிவிட்டு மாட்டினேன். அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரும் வந்து கேட்டா?"

"பிள்ளை படிச்ச கம்பஸ், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விட்ட மனிசி எண்டு சொல்லுங்கோ. சொல்லேலாட்டி என்னைக் கூப்பிடுங்கோ, நான் சொல்லுறன்."

அவர் எழும்பிப் போனார். ஆனால் படத்தைத் தொடவில்லை.

சுவரைப் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. கோடை போய்விட்டது, நான் மொன்ட்ரியாலிலேயே வேலை எடுத்துவிட்டேன், இன்னும் வரவில்லை.

போன வாரம் அம்மா அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் என் முகம், பிறகு தோழியின் முகம். நடுவில் வந்ததும் துணி நின்றது.

"இந்த மனிசி என்ன வருத்தம் வந்து செத்தவ?" என்று கேட்டார்.

சொன்னேன். அம்மா அந்த மோதிரக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"அந்தப் பிள்ளை இனி வராதோ?"

"தெரியாதம்மா" என்றேன்.