முக்தார் வாயைப் பூட்டிக்கொண்ட கதை

எங்கள் ஊர் முக்தார், அதாவது ஊர்த்தலைவர், ஜிர்ஜியின் முத்திரை எந்நேரமும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். பிறந்த குழந்தைக்கும், இறந்த கிழவனுக்கும், பாஸ்போர்ட் கேட்பவனுக்கும் ஒரு முக்தாரின் முத்திரை விழாமல் லெபனானில் ஒரு தாளும் நகராது. நான்கு முறை தேர்தலில் ஜெயித்தவர். அவருக்கு எதிராக நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை என்பார். அத்தனை தாளை எழுத யாருக்கும் பொறுமை இல்லை என்பேன் நான். என் பலசரக்குக் கடையை ஒட்டியே அவருடைய அறை. முப்பது வருஷம் அவர் வாயைக் கேட்டே என் காது தேய்ந்தது. யார் மகன் கனடாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், யார் நிலத்தை விற்கிறார்கள் என்பதெல்லாம் வெயில் ஏறுவதற்குள் என் கடைக்கு வந்துவிடும்.

அந்த மனிதர் ஒரு நாள் வாயைப் பூட்டிக்கொண்டார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பூலோஸ் அவருடைய பால்ய சிநேகிதன். ஆலிவ் எண்ணெய் ஆட்டும் செக்காலை வைத்திருந்தான். கர்வி, ஆனால் நல்லவன். அவனுடைய ஒரே மகள் மிர்னா, திரிபோலி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் முன்ஸிரை விரும்பினாள். இவள் மாதா கோயில், அவன் பள்ளிவாசல். எங்கள் நாட்டில் சர்க்கார் கல்யாணம் கிடையாது. அவரவர் அவரவர் மதத்து ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும். இரண்டு மதமென்றால் ஒருத்தர் மாற வேண்டும். மாற மனமில்லையா, விமானமேறி சைப்ரஸுக்குப் போ. முக்கால் மணி நேரப் பயணம். அங்கே நகரசபையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், உள்ளூரில் கல்யாணம் செய்துவைக்காத இதே சர்க்கார் அந்தத் தாளை மரியாதையாக வாங்கிப் பதிந்துகொள்ளும். வெட்கம் என்பது எங்கள் சர்க்காருக்கு முக்கால் மணி நேரத் தூரத்தில் தீர்ந்துவிடும்.

அதற்கு முதலில் வேண்டியது, இன்னாருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்று சொல்லும் பதிவுச் சான்று. மிர்னா அதற்காக முக்தாரிடம் வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"என் மீசை மேல சத்தியம்மா" என்றார் ஜிர்ஜி. முத்திரை குத்தினார். அவள் தெருமுனை திரும்புவதற்குள் என்னிடம் வந்து, "நஜ்லா, உனக்கு மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். என்னிடம் சொன்னது சத்தியத்தில் சேராதாம்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வழக்கம்போல ஆண்கள் ஆறேழு பேர் என் கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். பூலோஸ் ஆஸ்திரேலியா மாப்பிள்ளை ஒருவனைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

"மிர்னாகிட்டக் கேட்டியா?" என்றார் ஜிர்ஜி.

"அவளை என்னடா கேக்குறது? என் பொண்ணு என்னைக் கேக்காம தலைகூட வாரமாட்டா. உன் பசங்க மாதிரின்னு நெனச்சியா?"

வெளிநாட்டுக்குப் போன ஜிர்ஜியின் மகன்கள் இருவரும் ஒழுங்காகக் கடிதம்கூடப் போடுவதில்லை. அடி சரியான இடத்தில் விழுந்தது. அவர் மீசையைத் தடவினார்.

"அப்படியா? அப்போ சைப்ரஸ் டிக்கெட்டும் உன்னைக் கேட்டுத்தான் எடுக்குறாளா?"

சொல்லிவிட்டு இளித்தார். எனக்குக் கெக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பூலோஸ் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அன்றே மகளின் பாஸ்போர்ட்டை அடுப்பில் போட்டான். அவள் உடுத்திய துணியோடு திரிபோலிக்குப் போனாள். அங்கேயே வேறு பாஸ்போர்ட் வாங்கி, இரண்டு மாதம் கழித்து சைப்ரஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். பேரன் பிறந்தான். பூலோஸ் பார்க்கவில்லை. அம்மாக்காரி மட்டும் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்து வருவாள். ஐந்து வருஷமாக அந்தக் கண் ஆறவே இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒன்றுமில்லை, அடுத்த வீடு கெட்டது. ஜிர்ஜி இரண்டு முறை பூலோஸ் வீட்டுக்குப் போனார். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. பாதிரியாரிடம் போய், சத்தியத்தை மீறினேன் என்று பாவசங்கீர்த்தனம் செய்தார். வாராவாரம் புதனும் வெள்ளியும் நோன்பு பிடித்தார். மீசையை மழித்தார். பாவம், அது இல்லாமல் முகம் உரித்த உருளைக்கிழங்கு போல இருந்தது. அதற்குப் பிறகு யாருடைய சங்கதியும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஊர் நடப்பு கேட்டால் மழை வருமா என்று திருப்பிக் கேட்பார். ஊரே மெச்சியது. நான் மட்டும் மெச்சவில்லை. ஒரு சிநேகிதனுக்காக மனிதர் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

போன மாசி மாதம் பூலோஸ் மாரடைப்பில் போய்விட்டான். இறப்புத் தாளையும் ஜிர்ஜிதான் எழுதினார். கோயில் மண்டபத்தில் துக்கம் கேட்க ஊர் கூடியபோது மிர்னா கணவனோடும் பிள்ளையோடும் வந்தாள். முன்ஸிர் ஆண்கள் வரிசையில் போய் நின்று, கை கொடுத்தவர்களுக்கெல்லாம் மகன் போலக் கை கொடுத்தான். நான் சர்க்கரை போடாத காப்பியைத் தட்டில் ஏந்திக்கொண்டு போகும்போது, ஜிர்ஜி அவள் எதிரே போய் நின்றார்.

"சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேம்மா. உன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டேன். மன்னிச்சிரு."

மிர்னா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மாமா, நான் உங்ககிட்ட வந்ததே அப்பாவுக்குத் தெரியணும்னுதான்."

"தெரிய வேண்டாம்னியே?"

"அப்படிச் சொன்னாத்தானே நீங்க சொல்வீங்க! திரிபோலியில முக்தாரே இல்லையா? அங்கேயே வாங்கத் தெரியாதா எனக்கு? அவர் முன்னால நின்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல மாமா. நீங்க அவர் சிநேகிதர். தனியா உக்கார வெச்சு, தோள்ல கை போட்டு, பக்குவமாச் சொல்வீங்கன்னு நெனச்சோம், நானும் அம்மாவும். நாலு நாள் கத்துவார். அப்புறம் 'பையன் யாரு'ன்னு கேப்பார். எங்க அப்பாவை எனக்குத் தெரியாதா?"

ஜிர்ஜியின் கை மீசை இருந்த இடத்தைத் தடவியது.

"கடைவாசல்ல, அத்தனை பேர் முன்னால சொன்னீங்களாமே. எல்லாரும் சிரிச்சாங்களாமே. அப்பா சாகுற வரைக்கும் அம்மாகிட்ட அதையேதான் சொன்னாராம். 'அவ போனதைக்கூட தாங்கிக்கிட்டேன்டி, அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியல'ன்னு."

அவள் குரலில் கோபமில்லை. என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தோம். செக்காலையைத் தாண்டினோம். பிறகு, "சொன்னதுக்காக அஞ்சு வருஷம் நோன்பு இருந்தேன், நஜ்லா" என்றார். "சிரிச்சதுக்கு ஒரு நாள் இருந்திருப்பேனா? அது ஒரு பாவம்னே எனக்குத் தோணலையே."

நான் சும்மா வந்திருக்கலாம். கிழவர் அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு போயிருப்பார்.

"நீங்க இளிக்கத்தான் செஞ்சீங்க முக்தார்" என்றேன். "முதல்ல சத்தமாச் சிரிச்சது நான்."