சிற்றாமுட்டிப் பால்

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கரைந்துபோன பிறகு மூன்றாவதாக நான் முழுகாமல் இருந்தபோது, என் கணவர் எனக்கு மாமியாராகவே மாறிவிட்டார். அறுபதுகளின் கடைசி அது. பிள்ளையார்பாளையத்தில் ஒற்றைத் தறி போட்ட வீடு. அவருடைய அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். வேறு பெண் துணை இல்லாததால், ஆயுர்வேத வைத்தியரிடம் போய்ப் பத்தியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் அவர்தான்.

விடிந்ததும் அடுப்பில் பால் ஏறும். சிற்றாமுட்டி வேரை நசுக்கிப் போட்டு, தண்ணீரும் விட்டு, தண்ணீர் சுண்டிப் பால் மட்டும் நிற்கும்வரை கிளறிக்கொண்டே இருப்பார். சோற்றில் நெய் மிதக்கும். புளி கூடாது, ஊறுகாய் கூடாது, எள் கூடாது, பப்பாளியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. எனக்கோ பால் வாசனை பட்டாலே குமட்டும். ஒரு மாங்காய்ப் பத்தைக்கு நாக்கு ஏங்கிக் கிடந்தது. ஆனாலும் மனுஷன் புகையில் கண் எரிய நிற்கிறாரே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நேரே தறிக்குப் போவேன். அவர் நெய்தது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரைக்குத் தனி நாடா, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை. அதை எறிய இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். பலகையில் அவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, இடுப்பை ஒருபக்கம் திருப்பி, வயிறு மடங்க மடங்கச் சாயங்காலம்வரை எறிவேன். முந்தைய இரண்டு முறையும் அப்படித்தான் எறிந்தேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் எறிந்தார்கள். சோறாக்குவது மாதிரிதான் அதுவும், வேலை என்று யாரும் சொன்னதில்லை.

ஐந்தாம் மாதம் லேசாக உதிரம் பட்டது. பதறிப்போய் என்னை வைத்தியரிடம் அழைத்துப் போனார். என்ன சாப்பாடு என்று வைத்தியர் கேட்டார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம், என்ன வேலை செய்கிறாள் என்று வைத்தியர் கேட்டார்.

“வேல என்னாங்க, வீட்லதான் சும்மா இருக்குது,” என்றார் இவர்.

பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

“பொழுதுக்கும் தறியில குந்திக்கினு கரை எறியறேன்யா,” என்றேன். “இடுப்பு ஒடிஞ்சி போவுது.”

வைத்தியர் புதிதாக மருந்து ஒன்றும் தரவில்லை. முதலில் தறியை விட்டு எழுப்பிப் படுக்க வை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சில நாள் படுத்திருந்தேன். தறிச் சத்தம் நொண்டி நொண்டிக் கேட்டது. ஒற்றை ஆளாக இரண்டு பக்கமும் எக்கி எக்கி நெய்துகொண்டிருந்தார். பிறகு ஒரு காலை, கையில் பாலோடு வந்து நின்றார். முகூர்த்தப் புடவை, கொஞ்சம்தான் பாக்கி, அதை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள் என்றார்.

பாலை வாங்கிக் குடித்தேன்.

“வரமாட்டேன். போனது ரெண்டு போதும்.”

பிரசவம்வரை தறிப் பக்கம் போகவில்லை. கல்யாணக்காரர்கள் வேறு புடவை வாங்கிக்கொண்டார்களாம். பட்டு நூல் கொடுத்து நெய்ய வைத்த முதலாளியிடம் வாங்கிய பேச்சை அவர் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மகள் பிறந்த பிறகும் அது ஓயவில்லை. சொல்லிக்கொண்டே போகட்டும், அவள் என் மடியில் இருந்தாள்.