கத்திரி வெயிலில் அக்கா அணைத்த அடுப்பு

அக்காவின் முதல் நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தம்பியின் வணக்கம். இலையில் ஆவி பறக்கவில்லையே, வடை சுடும் வாசம் வரவில்லையே என்று தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பந்தியில் உட்காருங்கள். மறந்துபோய் விட்டதல்ல. வேண்டுமென்றே விட்டது.

அக்கா பிறந்தது கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் தட்டும் டம்ளரும் நடுங்கும் ஒற்றை அறை வீட்டில். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா ராயபுரத்துக்கு எறால் உரிக்கப் போனார். கரண்டி பிடிக்கும் அளவுக்குக் கை வளர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு அக்காவின் சோறுதான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, அடுப்பு நிற்கவில்லை. எனக்கும் சேர்த்து அவர் வெந்தார் என்று இன்று எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் இந்த வரியை அடிக்கச் சொல்லியிருப்பார்.

திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. அக்காவுக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல். பகலெல்லாம் அங்கே அண்டா முன்னால் நின்றுவிட்டு, பஸ்ஸில் தொங்கி வீடு திரும்பி, மறுபடியும் அடுப்பு முன்னால். அந்தச் சமையலறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலே சிமெண்ட் ஷீட்டு. ஜன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை. கத்திரி நாட்களில் சூரியன் போன பிறகும் ஷீட்டு ஆறாது. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் தலைமேல் துப்பிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு மாலை. கஞ்சி வடிக்கக் குனிந்த அக்கா அப்படியே சரிந்துவிட்டார். கொதிகஞ்சி காலில் கொட்டியது. தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். கண் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், சுவரைப் பிடித்து எழுந்துபோய் கேஸை அணைத்தது. கத்திரி முடிகிற வரை இந்த வீட்டில் சாயங்கால அடுப்பு கிடையாது என்று சொன்னார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பை அணைப்பார்கள். உடலை எடுத்து முடிகிறவரை சுற்றத்தார் சோறு கொண்டுவருவார்கள். விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாத வீட்டுக்கு வேறு பொருள் கிடையாது. அக்காவின் மாமியார், நான் அத்தை என்று அழைப்பவர், பதறிப்போனார்.

"வெளக்கு வச்ச நேரத்துல அடுப்பு எரியாத வூடு இன்னா வூடு தெரியுமா? சாவு வூடு."

"அடுப்பாண்ட நின்னு நான் செத்தா மட்டும் இது கல்யாண வூடா அத்தே?"

சொன்னதை மறுநாளே அக்கா செய்து காட்டினார்.

விடியும் முன், ஷீட்டு குளிர்ந்திருக்கும் அந்த ஒரு பொழுதில், அன்றைய நெருப்பு வேலை அத்தனையும் முடியும். சோறு வடித்து ஆறவைத்துப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவார். அந்தி சாய்வதற்குள் அதுவே புளிக்காத தயிர்சாதமாகிவிடும். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஒரு கிண்ணத்தில் மூடி வைப்பார். மாலையில் கேன்டீனிலிருந்து வந்ததும் கெட்டி அவலை அலசி, மோரில் ஊறப்போட்டு, மாங்காய் துருவிப் போட்டு, அந்தத் தாளிப்பைக் கொட்டிக் கிளறினால் இரவுச் சாப்பாடு. இன்னொரு நாள் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், காலையிலேயே வதக்கி வைத்த கருவாட்டுத் தொக்கு. இன்னொரு நாள் தண்ணீர் ஊற்றிய சோறு, மோர் மிளகாய், வெள்ளரிக்காய். பொட்டுக்கடலைத் தூளும் தேங்காயும் வெல்லமும் கலந்து பிசைந்த அவல், எங்கள் பிள்ளைகளுக்கு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். ஈரத்துணி சுற்றிய மண்சட்டிதான் ஃப்ரிட்ஜ். எதையும் அவர் அழகாகச் சொன்னதில்லை. "வேகுறது காலைல, துன்றது சாயந்தரம்" என்பார். அவ்வளவுதான் அவருடைய சமையல் சாத்திரம்.

மாமா முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் புரோட்டா சாப்பிடப் போனார். அக்கா தடுக்கவில்லை. சில நாள் இப்படியே நடந்தது. இரும்புப் பெட்டிகளின் நடுவே பகல் முழுக்க வறுபட்டு வந்த உடம்பு எத்தனை நாளைக்குச் சால்னாவோடு சண்டை போடும்? ஒரு மாலை, கையில் ஒரு பை நுங்கோடு வாசலில் நின்றார். "இன்னாம்மே, இன்னிக்கு அவலா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் சமாதானம்.

தெரு அவ்வளவு எளிதில் விடவில்லை. குக்கர் சத்தமே இல்லையே, வூட்ல எதுனா துக்கமா என்று எதிர்வீட்டுப் பெண் ஒருவர் வாசலில் நின்று கேட்டாராம்.

"ஆமாண்டி, என் பொறுமை செத்துப்போச்சு. உள்ள வா, கூழு கீது, குடிச்சிட்டுப் போ."

குடித்தவர் மறு வருடம் தன் அடுப்பையும் அணைத்தார். பிறகு அடுத்த வீடு. பிறகு மாடி வீடு. கத்திரி மாலைகளில் அந்தச் சந்தில் பெண்கள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தார்கள். கடல் காற்று எப்போதும் அந்த நேரத்தில்தான் வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் வாசலில் ஆள் இல்லாமல் இருந்தது. வியர்வை காய, தலைமுடி காய, சிரிப்பு வீட்டுக்கு வீடு தாவ, அக்கா நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். காலில் அந்தத் தழும்பு. அதை அவர் சேலையால் மறைத்து நான் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு நோய் அவரைப் படுக்கவைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். கடைசி நாட்களில் மோர் மட்டும்தான் இறங்கியது. கத்திரியிலேயே போனார். அன்று வீட்டில் அடுப்பு அணைந்தது. வழக்கப்படி அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். மூடிகளைத் திறந்தால் மோரில் ஊறிய அவல், கூழ், பாலில் பிசைந்த தயிர்சாதம். தாங்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

இந்த முதல் வருடப் படையலுக்கு என்ன வைப்பது என்று போன வாரம் வீட்டில் பேச்சு எழுந்தது. பெரியப்பா பெரியவர், அவர் கவலை நியாயமானது. படையல் என்றால் ஆவி பறக்க வேண்டும், சாயங்காலம் அடுப்பு மூட்டிச் சுடச்சுட ஆக்க வேண்டும், ஆறிய சோற்றை வைத்தால் ஊர் சிரிக்கும் என்றார். நான் வாயைத் திறக்கும் முன் மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை பேசினார்.

"அடுப்பு எரியாத வூடு சாவு வூடுன்னு நான்தான் சொன்னேன் அண்ணே. எத்தினி கத்திரி போச்சு, அடுப்பு எரியாம இந்த வூடு சிரிச்சிகினுதான் இருந்துச்சி. அவ போனப்போதான் சாவு வூடு ஆச்சி. இப்ப அவளக் கூப்ட்டு குந்த வச்சிட்டு, அவ அணைச்ச அடுப்ப நான் பத்த வைக்கவா?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாங்காய் வாங்குவது தன் பொறுப்பு என்றார்.

அக்காவைத் தூக்கிப் பிடித்து மோர் புகட்டிய எதிர்வீட்டு அம்மையாருக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஆட்டோ ஓட்டிப் பணம் வாங்க மறுத்த தண்டையார்பேட்டை நண்பருக்கும், கேன்டீனில் தோளோடு தோள் நின்ற தோழியருக்கும், மீஞ்சூரிலிருந்து ரயிலேறி வந்து இரவெல்லாம் விழித்த சித்திக்கும், அன்று மூடி போட்ட பாத்திரங்களோடு வந்த அந்தச் சந்து முழுமைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்றைய தாளிப்பு விடியலில் அத்தையின் கையால் ஆனது. அதன்பின் இந்த வீட்டில் தீக்குச்சி உரசியது அக்காவின் படத்துக்கு விளக்கேற்ற மட்டும்தான். காற்று வரத் தொடங்கிவிட்டது, உட்காருங்கள். உப்புப் போதாவிட்டால் கேட்டு வாங்குங்கள், போட்டது அக்காவின் அளவு, அது எப்போதும் கொஞ்சம் குறைவுதான். அடுப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.