ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் பிரிந்த ஒயர்

டிப்ளமா முடித்த கையோடு, கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். டயல்-அப்பில் ஒரு பில் அனுப்புவதற்குள் அரை நாள் போய்விடும். மேனேஜரை விடாமல் நச்சரித்து பிராட்பேண்ட் போட வைத்தது நான்தான். அவர் தஞ்சாவூர்க்காரர். அந்த ஆபீஸில் தமிழ் பேசுவது நாங்கள் இருவர் மட்டுமே; மற்றவர்களோடு வங்காளிதான்.

கனெக்‌ஷன் வந்த அன்றே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். டெலிபோன் ஒயரில் பேச்சும் இன்டர்நெட்டும் சேர்ந்தே வரும். ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா அவற்றைப் பிரித்து ஒன்றைப் போனுக்கும் மற்றதை மோடத்துக்கும் அனுப்பும். மோடத்தில் பவர் விளக்கு எரிந்தால் கரன்ட் இருக்கிறது, அவ்வளவுதான். லிங்க் விளக்கு நிலையாக எரிந்தால்தான் எக்ஸ்சேஞ்சோடு தொடர்பு.

"அப்ப டிராஃபிக் போலீஸ் மாதிரி லைட்டையே பாத்துக்கிட்டு நிக்கணுமா, திதி?" என்றார் பில் கிளார்க். அங்கே எல்லோருக்கும் நான் திதி, அதாவது அக்கா.

"நில்லுங்க. சிக்னல் விழுந்தா சொல்லுங்க."

இரண்டாவது வாரமே விழத் தொடங்கியது. ஒரு நாளில் மூன்று தடவை, நான்கு தடவை. டெலிபோன் ஆள் வந்தபோது மட்டும் லிங்க் அசையாமல் எரிந்தது. பாதி ஏறிய பில்கள் அப்படியே நின்றன.

"என்னம்மா, உன் மோடம் இன்னிக்கும் படுத்துடுத்தா?" என்றார் மேனேஜர். "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பறம் பழைய டயல்-அப்தான். நீயும் டைப்பிங்கைப் பார்த்துண்டு உக்காரு."

டைப்பிங்குக்காக நான் படிக்கவில்லை. நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: மணி, விளக்கு, அந்த நேரத்தில் ஆபீஸில் நடந்தது. ஜெராக்ஸ், ஃபேன், மழை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். வெள்ளிக்கிழமை மிஞ்சியது ஒன்றுதான். லிங்க் விழும் ஒவ்வொரு முறையும் மேனேஜர் மேசையில் பூட்டுப் போட்டு வைத்திருந்த போனின் மணி, அழைப்பே இல்லாமல் லேசாகக் கிணுகிணுத்தது. அதே லைனில் வேறெங்கோ யாரோ டயலைச் சுழற்றினால் வரும் சத்தம் அது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்ப்ளிட்டருக்கு முன்பே ஒரு மெல்லிய ஒயர் பிரிந்து, ஜன்னல் வழியாக மழைநீர்க் குழாயை ஒட்டி இறங்கி, கீழே கோடவுனுக்குள் போனது. அங்கே சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய டயல் போன். கோடவுன் பார்த்துக்கொள்பவர், நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்ற அர்த்தத்தில் காக்கு என்று கூப்பிடுபவர், ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்து உறைந்துவிட்டார்.

"பெரியவர்கிட்ட சொல்லிடாதே, மா. உன் காக்கிமாவுக்கு, என் வீட்டுக்காரிக்கு, சுகர். வீட்ல தனியா இருக்கா. சாப்பிட்டாளான்னு கேக்கத்தான்."

"காக்கு, உங்களாலதான் என் வேலையே போகப் போகுது."

"நான் காக்கிமாகூடத்தானே பேசினேன்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

அவர் போனை எடுக்கும்போதெல்லாம் அதன் இரைச்சல் ஸ்ப்ளிட்டரில் வடிகட்டப்படாமல் மோடத்தின் லைனில் கலந்தது. ஒயரை வெட்டியிருந்தாலும் சரியாகியிருக்கும். சனிக்கிழமை காலை அதைக் கழற்றி, ஸ்ப்ளிட்டரின் போன் பக்கத்தில் சேர்த்து மாட்டினேன். காக்குவைக் கீழே டயல் செய்யச் சொல்லிவிட்டு மேலே மோடத்தின் முன் நின்றேன். மேசைப் போன் கிணுகிணுத்தது. லிங்க் அசையவில்லை. பத்துத் தடவை டயல் செய்ய வைத்தேன். நோட்டில் பத்து டிக்.

திங்கட்கிழமை நானே மேனேஜரிடம் போனேன்.

"சரியாயிடுச்சு சார். கோடவுனுக்கு ஒரு பேரலல் போன் இருக்கு. ஒயர் தப்பான இடத்துல பிரிஞ்சிருந்தது, மாத்திட்டேன்."

"கோடவுன்ல போனா? யாரைக் கேட்டு?"

"லாரி வந்தா சொல்ல ஒவ்வொரு தடவையும் காக்கு மூணு மாடி ஏறி வர்றார் சார். அங்க போன் வேணும்."

"அங்கேர்ந்து லாரிக்காரன்கிட்ட மட்டும்தான் பேசறானாக்கும்?"

"வீட்டுக்கும் பேசுறார் சார். மனைவிக்கு உடம்பு சரியில்லை."

அவர் என்னையும் மோடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அந்தப் போன் இருந்துட்டுப் போகட்டும்" என்றவர், இன்டர்காமில் பில் கிளார்க்கைக் கூப்பிட்டார்.

"டைப்பிங்குக்கு வேற ஆள் பாரு. இவளுக்கு நேரமில்லை."