தார்நாகாவில் உப்பு சோடா

தார்நாகா பேருந்து நிறுத்தத்தில், சோடா வண்டியருகே நிற்கிறோம். சேவியர் தூத்துக்குடியில் என்னோடு பள்ளியில் படித்தவன். இந்தத் தெலுங்கு நகரத்து ஆய்வகம் ஒன்றில் இமயமலைப் பனியாறுகளை ஆராய்கிறான். அரைமணி நேரமாக என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசுகிறான். என் பழைய சேவியர் மிச்சமிருக்கிறானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேச்சை வளர்க்கக் கேட்கிறேன்: "எல்லாத் தண்ணியும் கடல்லேருந்து வந்ததுதானே? பனியாறு ஏன் கரிக்கல?"

சேவியர் கண்ணாடியைக் கழற்றுகிறான். "ஏலே, உப்பளத்துக்காரன் மவன் கேக்கற கேள்வியா இது? பாத்தியில வெயிலடிச்சா என்னலே ஆவும்?"

"தண்ணி ஆவியாப் போவும். உப்பு அங்கேயே கெடக்கும்."

"அப்படிப் போன தண்ணிதான்லே மலையில பனியா விழுது. விழுந்து விழுந்து இறுகினா பனியாறு. அதுல உப்பு எங்கருந்துலே வரும்?"

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை.

"அப்போ நீயும் உப்ப ஊர்லயே விட்டுட்டுத்தான் வந்தியாலே?"

சேவியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்கிறான். சோடாக்காரர் கேட்கிறார், "சால்ட்டா, ஸ்வீட்டா சார்?"

"ரெண்டும் சால்ட்" என்கிறான் சேவியர். உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லித் தெலுங்கில் கேட்டுக்கொள்கிறான்.

டாக்டர் என்னிடம் உப்பைத் தொடவே கூடாது என்றிருக்கிறார். அதை அவனிடம் சொல்லாமல் முழு கிளாஸையும் குடிக்கிறேன்.