வெள்ளி வயிறும் உறைய வைத்த துண்டும்

நான் நம்பியது மாரியம்மனையா, மருத்துவமனையில் உறைய வைத்திருந்த என் சதைத் துண்டையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

1997-இல் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டில் அவளைத் தூங்க வைத்துவிட்டுக் குளியலறையில் அழுவேன். மருந்து ஏற்றினால் பிழைக்கலாம், ஆனால் சினைப்பை செயலிழக்கலாம், இன்னொரு குழந்தை பிறக்காமல் போகலாம் என்றார் கோலாலம்பூர் டாக்டர். முன்கூட்டியே சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி உறைய வைத்தால் பின்னால் பொருத்திப் பார்க்கலாமாம். இதனால் இதுவரை எங்கும் பிள்ளை பிறந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். சம்மதித்தேன்.

"வெட்டி ஐஸ்ல வைக்கிறதுக்கு அது என்னா, பசார்ல விக்கிற மீனா?" என்றார் மாமியார்.

மருந்து ஏற்றும் முன், நியாலாஸ் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நோய் கண்ட இடத்தின் வெள்ளி உருவை அம்மன் காலடியில் வைப்பது அங்கே வழக்கம். தட்டில் கண், கால், வயிறு, முழு உருவம் எல்லாம் இருந்தன. உயிரைக் கேட்க வந்தவள் முழு உருவத்தை எடுத்திருக்க வேண்டும். என் கை வயிற்றை எடுத்தது.

"என்னா தங்கச்சி, கேஸ்ட்ரிக்கா?" என்று கேட்டார் காணிக்கை மேசையில் இருந்த அக்கா.

நான் படித்தவள்தான். சினைப்பை என்று சொல்ல வாய் கூசியது. "ஆமாக்கா," என்றேன்.

"மொளகாயக் கொறச்சுக்க லா. ஒனக்காக நானும் வேண்டிக்கிறேன்."

'என் பிள்ளைக்காக என்னை விட்டு வை, தாயே. இன்னொன்றும் கொடு' என்று வேண்டினேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முடி கொட்டியது. சோறு இறங்கவில்லை. மெல்ல நோய் அடங்கியது. நின்றுபோன மாதவிலக்கு மறு ஆண்டு திரும்பியது. இந்த ஆண்டு, 1999-இல், மகன் பிறந்தான். உறைய வைத்த துண்டை யாரும் தொடவே இல்லை.

மகனைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அடிப் பாவி, வெள்ளிக்கெழம தவறாம ஒன் கேஸ்ட்ரிக்குக்கில்ல வெளக்கு போட்டேன்," என்று சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். "பரவால்ல லா, சேர வேண்டிய எடத்துக்குச் சேந்திருச்சு."

என்னால் சிரிக்க முடியவில்லை. நோயின் பெயர்கூடத் தெரியாமல் எனக்காக ஒருவர் நம்பியிருக்கிறார். நானோ அம்மனிடமும் கேட்டேன், ஐஸிலும் வைத்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் யாருக்காவது விளக்கேற்றுகிறேன். என்ன நோய் என்று கேட்பதில்லை. நோயில் தவிப்பவர்களே, மருந்தை விடாதீர்கள். தாயிடம் கூசாமல் கேளுங்கள். நாம் தப்பாகக் கேட்டாலும் அவளுக்குப் புரிகிறது.

அந்தத் துண்டை வைத்திருப்பதா, அழிப்பதா என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். வைத்திருந்தால், அம்மன் தந்தது போதாது என்று சொல்வதாகுமா? அழித்தபின் நோய் திரும்பி, மறுபடி மருந்து ஏற்ற வேண்டி வந்தால்? பசார் மீன் என்ற மாமியாரே, "அது பாட்டுக்கு இருக்கட்டும் லா," என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சகோதரிகளே? எழுதுங்கள். இந்த முறை நோயின் பெயரை மறைக்காமல் கேட்கிறேன்.